விலை குறைந்த ஸ்பெயின் சிவப்பு ஒயின்: எதைப் பார்த்து வாங்குவது?

காரைக்கால்வாசி:
வணக்கம். பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த என் மைத்துனர் கொண்டுவந்த, ஸ்பெயினின் ரியோஹா வட்டாரத்து ஒயின் எங்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. அந்தப் பெயரை நம்பி இங்கே ஒரு கடையில் நான் வாங்கியதோ, வேகவைத்த உலர்திராட்சைபோல் மணத்தது. தக்கை சற்று மேலெழும்பி, பாட்டிலின் கழுத்தில் கறை வழிந்து காய்ந்திருந்தது. கூடுதல் விலை கொடுத்தால்தான் நல்லது கிடைக்குமா?

குடந்தையான்:
தங்கள் பாட்டிலைக் கெடுத்தது விலையன்று, வெப்பம். சூட்டில் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளியிருக்கிறது. அடுத்த முறை வாங்குமுன் மூடியுறையின் மேல் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். மேடு தட்டினால் வேண்டாம். வெயில் படும் அலமாரியில் நிற்பதையும் தவிர்த்துவிடுங்கள்.

இனி விலைக்கு வருகிறேன். ரியோஹாவில் கிரியான்சா என்றால் குறைந்தது 2 ஆண்டு முதிர்ச்சி, அதில் ஓராண்டாவது ஓக் பீப்பாயில். ரெசர்வா 3 ஆண்டு, கிரான் ரெசர்வா 5 ஆண்டு. இவை வயதைச் சொல்லுமேயன்றிச் சுவைக்கு உறுதி தருவதில்லை. பீப்பாய்க்கும் காத்திருப்புக்கும் சேர்த்தே நாம் காசு கொடுக்கிறோம். ஆகவே குறைந்த செலவில் ரியோஹாதான் வேண்டுமென்றால் கிரியான்சாவோடு நின்றுகொள்வது நல்லது.

ஆனால், பெயர் பெற்ற ஊருக்கென்று தனி விலை உண்டு என்பதால், நான் பெரும்பாலும் அதைத் தாண்டித்தான் தேடுகிறேன். அரகோன் பகுதியின் கலதாயுத், காம்போ டெ போர்ஹா ஆகிய ஊர்ப்பெயர்களோடு கர்னாச்சா என்ற திராட்சையின் பெயரும், முர்சியா பக்கத்து ஹுமியா, யெக்லா ஆகியவற்றோடு மொனாஸ்ட்ரெல் என்பதும் இருந்தால் துணிந்து எடுக்கிறேன். ஜூன் 12 நெருங்கினாலே மேட்டூரைப் பார்த்திருக்கும் நமக்கு, ஆண்டுக்கு ஏறத்தாழ 300 மில்லிமீட்டர் மழையே பெறும் ஹுமியாவில், பந்தலின்றிப் புதராக நிற்கும் பழைய கொடிகள் இவ்வளவு திடமான ஒயினைத் தருவது வியப்பாகத்தான் இருக்கிறது.

திருவையாற்றுக்காரர்:
மேலே சொன்னதில் ஒரு திருத்தம். கர்னாச்சாவும் மொனாஸ்ட்ரெல்லும் பலவேளை 14 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் கொண்டவை. மிளகாய் தூக்கலான ஆட்டுக்கறிக் குழம்போடு குடித்தால் நாக்கு எரியும். எங்கள் வீட்டில் அதற்கு, டெம்ப்ரனியோ என்ற திராட்சையில் செய்த, பீப்பாய் காணாத இளம் ஒயினைத்தான் திறக்கிறோம். பாட்டிலில் ஒட்டிய சீட்டில் ‘ஹோவன்’ என்றிருக்கும், விலையும் குறைவு.

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்பார்கள். அது ஐரோப்பிய வீட்டு அறை, நம் சித்திரை மாதத்து அறையன்று. குளிர்பெட்டியில் வைத்துக் குளிரவிட்டு, 16 முதல் 18 பாகைக்குள் ஊற்றுங்கள்.

காரைக்கால்வாசி:
இருவருக்கும் நன்றி. மைத்துனர் மீண்டும் ஆடியில் வருகிறார். சுங்கத்தில் ஒருவருக்கு 2 லிட்டர் வரைதான் தீர்வையில்லை என்பதால் இரண்டு பாட்டில்களே வரும். ஒரு கலதாயுத், ஒரு ஹோவன் என்று எழுதி அனுப்பிவிட்டேன்.