இறால் குட்டைக்கு ஜெனரேட்டருக்குப் பதில் பேட்டரி: போட்டவர்கள் யாராவது உண்டா?

வணக்கம் நண்பர்களே. வேதாரண்யம் பக்கம் வனாமி இறால் வளர்க்கிறோம். ராத்திரி கரண்டு போனால் ஏரேட்டருக்கு (குட்டைத் தண்ணீரில் காற்றைக் கலக்கும் மோட்டார்) டீசல் ஜெனரேட்டர்தான். புகையும் சத்தமும் ஒருபக்கம். டீசல் ஊற்றும்போது சிந்துவது மழையில் கரையோடு வழிந்து, தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் படலமாக மிதக்கிறது. பார்த்தாலே எரிச்சல்.

பேட்டரிக்கு மாறலாமா என்று கணக்குப் போட்டேன். 2 ஹெச்பி ஏரேட்டர் 4, அதாவது 6 கிலோவாட்; இழப்பையும் சேர்த்து 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் ரொம்பவும் இறங்கும் விடியற்காலை 3 மணி நேரத்தைத் தாங்க 21 யூனிட் வேண்டும். லித்தியம் அயன் (இரும்பு) பாஸ்பேட் வகையில் 80 சதவீதம்தான் எடுப்பது என்றால் 26 யூனிட் பேட்டரி. விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது!

நார்வே சால்மன் மீன் பண்ணைகளில், மீனுக்குத் தீவனம் போடும் மிதவைகள் சிலவற்றில் ஜெனரேட்டரை அகற்றாமல், பேட்டரியை நிரப்ப மட்டும் நல்ல லோடில் கொஞ்ச நேரம் ஓட்டுகிறார்கள். எனக்கு இந்தக் கலப்பு முறைதான் சரிப்படும் போலிருக்கிறது.

மோட்டார் கிளம்பும்போது கரண்டு பல மடங்கு இழுக்குமே, அதற்கு இன்வெர்ட்டரைப் பெரிதாகப் போட்டீர்களா, இல்லை மோட்டாரை மெதுவாக வேகமெடுக்க வைக்கும் விஎஃப்டி கருவியா? அப்புறம், உப்புக்காற்றில் டெர்மினல் பச்சை பூக்காமல் எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். விற்பனைக்காரர்கள் இன்பாக்ஸுக்கு வர வேண்டாம், ப்ளீஸ்.