மேடையில ஒன்னு, ஆர்டருல நாற்பது

குழு: தையல் வீட்டுச் சொந்தங்கள்

கவிதா: கோபன்ஹேகன் ஃபேஷன் வீக், 2023 ஷோ. டிவிஷன்னு ஒரு பிராண்டு. மேஜைல உக்காந்திருந்த பொண்ணு எழுந்து நடக்குறா, மேஜை விரிப்பே அவ கவுன். கிளிப் பாருங்க

பெரியப்பா: தட்டு, டம்ளர் எல்லாம் கூடவே போகுது. இதையும் உடுத்துவாங்களாம்மா?

ஜெயா அத்தை: அண்ணா, அது நாலு பேர் போன்ல எடுக்கணும்னு வச்சது. அந்த பிராண்டு பழைய துணியைப் பிரிச்சு மறுபடி தைக்கிறவங்க. மத்த உடுப்போட தையலைப் பாருங்க, வேலை தெரியும்

அருண்: அந்த சீசன்லதான் அங்க ஷோ பண்ற பிராண்டுகளுக்கு சுற்றுச்சூழல் கட்டுப்பாடு அமலுக்கு வந்துச்சு. 2020ல அறிவிச்சு மூணு வருஷம் டைம் குடுத்தாங்க. அப்ப மொத்தம் 18 நிபந்தனை. கலெக்‌ஷன்ல பாதிக்குக் குறையாம சான்று வாங்கின துணி, மறுசுழற்சித் துணி, பழசைப் பிரிச்சுத் தைச்சது, இல்ல மில்லுல விக்காம தேங்கின ஸ்டாக், அதான் டெட்ஸ்டாக், இப்படி இருக்கணும்னு அப்ப வச்சாங்க. விக்காத உடுப்பை அழிக்கக் கூடாது. செட்டு கூட ஒருதடவை போட்டுத் தூக்கி எறியற மாதிரி இருக்கக் கூடாது

கவிதா: அப்ப டெட்ஸ்டாக் வாங்கினா பாதி வேலை முடிஞ்சுது. எங்கிட்ட 60 மீட்டர் ரோல் ஒன்னு இருக்கு, உல்லன் கலப்பு. அதுல கோட் போடலாம்னு இருக்கேன்

முருகன் மாமா: முடியலம்மா, அங்கதான் ஆரம்பிக்குது. 150 சென்டி அகலத்துல ஒரு கோட்டுக்கு ரெண்டரை மீட்டர். 60ல தலைப்பு, கறை, நெசவுக் குத்தம்னு 3 மீட்டர் கழிச்சா 57. ஆக 22 கோட். ஷோவைப் பாத்த பையர், அதான் கடைக்கு மொத்தமா வாங்குறவர், 40 கேட்டா மீதி 18க்கு எங்க போவ? அந்தத் துணியை மில்லு இனி ஓட்டாது

அருண்: பேப்பர்ல நல்லா இருக்கிற கலெக்‌ஷன் நிறைய இங்கதான் படுக்குது. மேடைக்கு ஒரு பீஸ் போதும். ஆர்டர் வந்தா அஞ்சு சைஸ்ல ஒரே மாதிரி வேணும்

கவிதா: அப்ப ரெண்டு துணி கலந்து வெட்டினா? உடம்பு ஒன்னு, கை, காலர் வேற

முருகன் மாமா: செய்யலாம். எடை பக்கத்துல பக்கத்துல இருக்கணும், ஒன்னு 300 ஜிஎஸ்எம்னா (சதுர மீட்டருக்கு 300 கிராம்) இன்னொன்னு 270ல இருந்து 330க்குள்ள. அதைவிட முக்கியம் சுருக்கம். ரெண்டு துணிலயும் 60க்கு 60 வெட்டி, நடுவுல 50 சென்டி சதுரம் நூலால குறி வை. உடுப்பை எப்படிப் பராமரிக்கப் போறியோ அதே முறைல மூணு தடவை செய். உல்லன்னா ஆவி விட்டு இஸ்திரி, டிரை கிளீன். பாவு (நீள நூல்), ஊடை (குறுக்கு நூல்) ரெண்டையும் தனித்தனியா அள. 50 ஆனது 49 ஆனா 2 சதவீதம். ரெண்டு துணிக்கும் நடுவுல 1 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் வந்தா சேர்ற தையல் கொஞ்ச நாள்ல அலை அலையா எழும்பும். தைக்கிறப்போ தெரியாது, ஒரு டிரை கிளீனுக்கு அப்புறம் தெரியும்

ஜெயா அத்தை: ஏங்க, ஷேடு விஷயத்தையும் சொல்லுங்க

முருகன் மாமா: ஆமா. ஒரே ரோல்லயே கரைக்கும் நடுவுக்கும் நிறம் மாறும். அகலம் பூரா ஒரு 10 சென்டி பட்டை வெட்டி, இடது கரையை நடுவுக்குப் பக்கத்துல வச்சு, ஜன்னல் வெளிச்சத்துல பாரு. டியூப் லைட்ல பாக்காதே. வித்தியாசம் இருந்தா வலது முன்பாகமும் இடது முன்பாகமும் மார்க்கர்ல, அதான் துணி மேல துண்டுகளை அடுக்கி வரையற படத்துல, ஒரே பக்கத்துல விழணும். இல்லாட்டி பட்டன் போட்டதும் ஒரு பாதி வெளுப்பாத் தெரியும். மடிச்சு வச்ச துணின்னா மடிப்புக் கோட்டுல நிறம் போயிருக்கும், அதை ஆரம்பத்துலயே ஒதுக்கு

கவிதா: ஜீரோ வேஸ்ட் கட்டிங், கழிவே இல்லாம வெட்டறது, அப்படிப் பண்ணா 22 கோட் 25 ஆகாதா?

ஜெயா அத்தை: ஆசையாத்தான் இருக்கும் கவி. சாதாரண மார்க்கர்ல நூத்துக்கு 15 பக்கம் கழிவு போகும், அதை மிச்சம் பண்ணலாம்னு கணக்கு. ஆனா அந்த பேட்டர்ன் துணியோட அகலத்தை வச்சே வரையறது. ஒரு துண்டோட ஓரம்தான் அடுத்த துண்டோட ஆரம்பம். 150க்கு வரைஞ்சுட்டு ரோல் 145 வந்தா கைக்குழி மொத்தமும் இடிக்கும். சைஸ் ஏத்தினாலும் அதே கதி, ஒன்னு பெருத்தா பக்கத்துல இருக்கிறது சிறுக்கும்

அருண்: அப்ப கிரேடிங், ஒரே பேட்டர்னை பல சைஸுக்கு மாத்தறது?

ஜெயா அத்தை: துண்டோட அளவை மாத்தாதடா. மடிப்பு ஆழம், சுருக்கு, இடுப்புக் கயிறு, இதுல சைஸை வச்சுக்க. பின்முதுகுல 4 சென்டி பாக்ஸ் பிளீட் (பெட்டி மடிப்பு) ஒன்னு இருந்தா அதைத் திறந்தே ரெண்டு சைஸ் ஏத்தலாம். உடம்போட ஒட்டின கோட்டுக்கு இது சரிப்படாது. தொளதொளன்னு விழற உடுப்புக்குத்தான்

பெரியப்பா: பட்டு ஸ்கார்ஃபை ஒட்டுப்போட்டு கவுன் தைக்கிறாங்களே, அது?

கவிதா: மரீன் செர் பெரியப்பா, பாரிஸ்ல. 2017ல இளம் டிசைனர்களுக்கான எல்விஎம்ஹெச் பரிசு வாங்கினவங்க

ஜெயா அத்தை: அது நல்ல வேலை அண்ணா. ஆனா கஷ்டம் கண்ணுக்குத் தெரியாது. ஸ்கார்ஃப் 90க்கு 90 சதுரம். அதை வைர வடிவத்துல திருப்பி வச்சா துணி பயாஸ்ல, அதாவது நூலுக்குச் சாய்வா, விழும், இழுக்கும். தைச்ச உடனே கீழ்விளிம்பு மடிச்சா அடுத்த நாளே கோணல். தோள்ல மாட்டி ஒரு நாள் முழுக்கத் தொங்க விட்டு, அப்புறமா ஆள் மேல போட்டு தரையில இருந்து அளந்து வெட்டணும். கழுத்துல பட்டு கரைப்பட்டை ஒன்னு சேர்த்துத் தைக்கலன்னா ஒரு மாலைக்குள்ள கழுத்து இறங்கிடும். ஊசி 60 நம்பர், தையல் நீளம் 2 மில்லி, துளி ஜிக்ஜாக் குடுத்தா தையல் சட்டுனு அறாது

முருகன் மாமா: கூட பாலியஸ்டர் கலந்திருக்கும், பாத்தா பட்டு மாதிரியே. ஓரத்துல ஒரு நூல் உருவி எரி. பட்டு முடி கருகின வாசம், சாம்பல் விரல்ல பொடியும். பாலியஸ்டர் உருகி கெட்டி மணியா நிக்கும். ரெண்டையும் ஒரே உடுப்புல வச்சா இஸ்திரிச் சூடு ஒன்னுக்கு ஆகும், இன்னொன்னு சுருங்கிடும்

அருண்: இதுக்கு 40 பீஸ் பிரச்சினை வராது. ஒவ்வொன்னும் வேறன்னு சொல்லியே விக்கிறது. ஆனா பையருக்கு எழுத்துல குடுக்கணும்: எந்த இடத்துல எந்த நிறக் குடும்பம், ரொம்ப வெளுப்பு எது வரைக்கும், ரொம்ப அடர்த்தி எது வரைக்கும், ரெண்டுக்கும் சாம்பிள். அது இல்லாம அனுப்பினா ஃபோட்டோல இருக்கிறது இல்லன்னு திருப்பி அனுப்புவாங்க

கவிதா: ஜீன்ஸ்?

ஜெயா அத்தை: முழங்கால் வரை கோட்டுக்கு 5, 6 ஜீன்ஸ் ஆகும். இரட்டைத் தையல் போட்ட உள்பக்கத்தைப் பிரிக்காதே, அது அப்படியே அலங்காரக் கோடா நிக்கட்டும். வெளிப்பக்கத்தை மட்டும் பிரி, கால் ஒரே அகலமான துண்டா விரியும். முட்டில பொத்தல் விழுந்திருந்தா ஒதுக்கு. ஸ்ட்ரெச் இருக்கிறதையும் இல்லாததையும் கலக்காதே. முதல்லயே தனித்தனியாத் துவைச்சு வெட்டு, நீலம் லைனிங்ல ஏறாது

அருண்: 40 கோட்டுன்னா 240 ஜீன்ஸ் கவி. பிரிக்கிற கூலியைத் துணி விலையோட சேர்த்துப் போடு. துணி சும்மா கிடைச்சாலும் உடுப்பு சும்மா வராது

கவிதா: காளான் தோல் பை பத்திச் சொல்லுங்களேன். டிசைனர் ஸ்டெல்லா மெக்கார்ட்னி பாரிஸ்ல காட்டினாங்களே

அருண்: அந்தத் தோலோட பேரு மைலோ. 2021 ஷோல வந்துச்சு. அதைத் தயாரிச்ச போல்ட் த்ரெட்ஸ் 2023ல உற்பத்தியை நிறுத்தி வச்சாங்க, பணம் திரட்ட முடியல. அங்கயும் இதேதான், ஒரு பை காட்ட முடிஞ்சுது, ஆயிரம் பை வரல

ஜெயா அத்தை: காளான் தோல், தாவரத் தோல் எது தைச்சாலும் குண்டூசி குத்தாதே, ஓட்டை மூடாது. கிளிப் போடு. தையல் நீளம் மூணரை, நாலு மில்லி. நெருக்கித் தைச்சா தபால் தலை மாதிரி கிழியும். நிறைய வகைல மேல பாலியூரித்தேன்னு பிளாஸ்டிக் பூச்சு இருக்கு, மக்கும்னு எழுதறதுக்கு முன்னாடி கேட்டுக்க

அருண்: எழுதறதுன்னு வந்ததால சொல்றேன். மறுசுழற்சிக்கான ஜிஆர்எஸ் சான்றுச் சின்னம் உடுப்புல போட 50 சதவீதமாவது மறுசுழற்சி இழை வேணும். ஆர்கானிக் துணிக்கான காட்ஸ் சான்றுல ஆர்கானிக்னு மட்டும் போட 95 சதவீதம். 70 இருந்தா ஆர்கானிக் இழை சேர்த்ததுன்னுதான் போடலாம். உன் ரோலுக்கு ரெண்டும் கிடையாது. டெட்ஸ்டாக்னு எழுது, போதும்

முருகன் மாமா: கவி, ரோலோட அகலத்தை மூணு இடத்துல அளந்தியா?

கவிதா: இப்ப அளந்தேன் மாமா. ஆரம்பத்துல 148, நடுவுல 146, கடைசில 149

முருகன் மாமா: அப்ப 146தான் உன் அகலம். ரெண்டு கரையும் ஒரு ஒரு சென்டி விடு. 144க்கு பேட்டர்ன் வரை. கோட்டுக்கு ரெண்டரை மீட்டர் இனிப் பத்தாது, மார்க்கர் போட்டுட்டு எத்தனை கோட்டுன்னு சொல்லு