காட்டாமணக்கில் கவாத்தும் ஊடுபயிரும்: அனுபவப் பகிர்வு

எண்ணெய் விதைக்காக வளர்க்கும் காட்டாமணக்கில் மகசூலைக் கூட்டுவது கவாத்தா (கிளைகளை வெட்டிவிடுதல்), ஊடுபயிரா (வரிசைகளுக்கிடையே போடும் பயிர்) என்ற கேள்விக்கு என் அனுபவம் இது. காட்டாமணக்கின் பூங்கொத்து கிளை நுனியில்தான் தோன்றும். ஆகவே நுனிகள் பெருகாமல் காய் பெருகாது. இளஞ்செடியின் கொழுந்தைக் கிள்ளிவிட்டு, பிறகு செடி இலையுதிர்த்து ஓய்ந்திருக்கும் வறண்ட பருவத்தில் கவாத்து செய்து வருகிறேன். வெட்டுவாய்க்குக் கீழுள்ள கணுக்களிலிருந்து துளிர்கள் கிளம்பும். உள்நோக்கி வளர்பவற்றைக் களைந்தால் நடுவில் வெளிச்சம் விழும். வெட்டும்போது வடியும் பால் துணியில் பட்டால் கறை போகாது என்பதால், பழைய சட்டையோடு இறங்குவதே நல்லது.

ஆனால் கிளை கூடினால் மகசூலும் கூடிவிடும் என்ற கணக்கு பாதிதான் சரி. பலமாக வெட்டிய ஆண்டில் பூப்பு தள்ளிப்போய்க் காய் குறைந்தது. அடுத்த ஆண்டிலும், அடியுரமும் ஈரமும் கிடைத்த வரிசைகளே ஈடுகொடுத்தன. இச்செடியின் கொத்தில் ஆண் பூக்களே மிகுதி, பெண் பூக்கள் சிலவே. மெலிந்த மண்ணில் கிளைகளை மட்டும் பெருக்கியபோது கொத்துகள் கூடினவேயன்றி, கொத்துக்குத் தேறிய காய்கள் குறைந்துபோயின.

அந்த ஊட்டத்தை என் நிலத்தில் கொடுத்தது ஊடுபயிர்தான். 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில், அதாவது எக்டேருக்கு ஏறத்தாழ 1,667 செடிகள் நிற்கும் நிலத்தில், முதல் இரண்டு ஆண்டுகள் இடைவெளி திறந்தே கிடக்கும். அங்கே பாசிப்பயறும் நிலக்கடலையும் போட்டேன்; அவற்றுக்காக எடுத்த களையும் இட்ட எருவும் காட்டாமணக்குக்கும் போய்ச் சேர்ந்தன. கிளைகள் கூடி நிழல் விழத் தொடங்கியதும் கடலை இளைத்தது. கவாத்து செய்த வரிசைகளின் இடையில் மட்டும் இன்னும் ஒரு போகம் எடுக்க முடிந்தது. ஆகவே கவாத்தையும் ஊடுபயிரையும் தனித்தனியே எடைபோடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொருவர் பகிர்ந்தது:

மேலே சொன்னதோடு எனக்கும் உடன்பாடே. மரவள்ளியை மட்டும் ஊடுபயிராக்க வேண்டாம். இரண்டும் ஒரே குடும்பம், வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய்க்கு (இலையில் மஞ்சள் திட்டுகள் விழும் நச்சுயிரி நோய்) இரண்டுமே இடங்கொடுக்கும். விதையிலிருந்து வளர்ந்த செடிக்கு ஆணிவேர் உண்டு, போத்து (வெட்டிய கிளைத்துண்டு) நட்டதற்கு அது அமைவதில்லை. எனவே ஊடுபயிரோடு மேல்மண்ணில் போட்டியிடுவதும் போத்துச் செடியே. கவாத்துக் கழிவை வரிசையிடையே மண்ணை மூடும் மூடாக்காகப் பரப்புகிறேன், நச்சுத்தன்மை உள்ளதால் கால்நடைகளுக்குப் போடுவதில்லை. காய்கள் ஒரே சமயத்தில் முற்றாமல் பச்சையும் மஞ்சளும் கருப்புமாக நிற்பதால் பலமுறை பறிக்க வேண்டியிருக்கிறது. கவாத்து செய்து கைக்கெட்டும் உயரத்தில் செடியை நிறுத்தியதில் எனக்கு மிச்சமானது பறிகூலிதான்.