முதியோர் குடியிருப்பில் இருக்கிறோம்: அவசரத்துக்கு எந்த மருத்துவமனை என்று எழுதிக் கொடுப்பது?

தொண்டாமுத்தூர் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் வடவள்ளி தாண்டி, தொண்டாமுத்தூர் போகிற வழியில் ஒரு முதியோர் குடியிருப்பில் நானும் என் வீட்டுக்காரரும் மூன்று வருடமாக இருக்கிறோம். எனக்கு 71, அவருக்கு 77. அவருக்கு இதயத் துடிப்பு சீராக இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். எனக்குச் சர்க்கரை. மகன் நியூ ஜெர்சியில், மகள் புனேயில்.

போன மாதம் எதிர்வீட்டுப் பெரியவர் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பல் தேய்க்கப் போன இடத்தில் வாய் கோணி, வலது கை தொங்கிப்போய் உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். ஆம்புலன்ஸில் நானும் ஏறிக்கொண்டேன். பக்கத்தில் உள்ள மருத்துவமனைக்குப் பத்தே நிமிடத்தில் போய்விட்டோம். "அப்பாடா" என்று நினைத்தேன். அங்கே சிடி ஸ்கேன் இருந்தது, அதை இயக்குகிறவர் காலையில்தான் வருவாராம். போன் போட்டு வரவழைத்து ஸ்கேன் எடுக்க ஏழேகால் ஆனது. எடுத்த பிறகு, "நரம்பு டாக்டர் இங்கே இல்லை, வேறு இடத்துக்குக் கொண்டு போங்கள்" என்றார்கள். மறுபடி ஆம்புலன்ஸ், லாலி ரோடு நெரிசல். ஊசி போடும்போது மணி எட்டேமுக்கால். அவ்வளவு நேரமும் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். உயிருக்கு ஆபத்தில்லை, நடக்கிறார். ஆனால் அந்தக் கையில் இன்னும் ஸ்பூன் நிற்பதில்லை.

இப்போது குடியிருப்பு அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். "அவசர நேரத்தில் கொண்டு செல்ல வேண்டிய மருத்துவமனை" என்று ஒரே ஒரு கோடு. மகன் போனில், "அவினாசி ரோட்டில் இருக்கிற பெரிய மருத்துவமனையை எழுதுங்கம்மா" என்கிறான். வீட்டுக்காரர், "எது பக்கமோ அதை எழுது" என்கிறார். நான் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எமர்ஜென்சி நர்ஸ் (ஓய்வு):

வணக்கம் டீச்சரம்மா. எமர்ஜென்சி வார்டில் 26 வருடம் வேலை பார்த்தவள் நான். நீங்கள் எழுதியதைப் படித்து மனது கனத்துப்போனது, ஏனென்றால் இதே போல எத்தனையோ பேர் இரண்டாவது இடமாக எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

அந்த ஒரு கோட்டில்தான் தப்பு இருக்கிறது அம்மா. எல்லா அவசரத்துக்கும் ஒரே மருத்துவமனை என்று எழுதவே முடியாது. என்ன ஆனது என்பதைப் பொறுத்து இடம் மாறும்.

பக்கவாதத்துக்கு, அதை ஸ்ட்ரோக் என்றே சொல்கிறேன், நாலரை மணி நேரம்தான் கணக்கு. அதற்குள் மூளைக் குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட வேண்டும். அடைப்பா, ரத்தக்கசிவா என்று சிடி பார்க்காமல் அந்த ஊசியைத் தொடவே மாட்டார்கள். அந்த நாலரை மணி நேரம் நீங்கள் பார்த்த நிமிடத்திலிருந்து ஆரம்பிக்காது. அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து ஆரம்பிக்கும். இரவு பத்துக்குப் படுத்தவர் ஐந்துக்குக் கை விழுந்து எழுந்தால், கணக்கு பத்திலிருந்துதான். ஆனாலும் "நேரம் போய்விட்டது" என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். பெரிய ரத்தக்குழாய் அடைப்பு என்றால் தொடை வழியாகக் குழாய் விட்டுக் கட்டியை எடுக்கிறார்கள். தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்ய முடிகிறது. அதைச் செய்யும் டாக்டர் எல்லா இடத்திலும் இருப்பதில்லை.

உங்கள் வீட்டுக்காரர் சாப்பிடுகிற மாத்திரையைப் பற்றி ஒன்று. அந்த மாத்திரையின் பெயரும், கடைசியாக எப்போது விழுங்கினார் என்பதும் ஸ்ட்ரோக் டாக்டருக்கு முதல் கேள்வி. ஊசி போடலாமா கூடாதா என்பது அதில் தொங்குகிறது. அப்புறம், அவர் குளியலறையில் வழுக்கித் தலையில் இடித்துக்கொண்டால், எழுந்து நன்றாகப் பேசினாலும் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். உள்ளே மெதுவாகக் கசியும், வெளியே தெரியாது.

நெஞ்சு வலி என்றால் கேட்க வேண்டியது கேத் லேப், அதாவது இதயக் குழாய் அடைப்பைக் குழாய் விட்டுத் திறக்கிற அறை. 24 மணி நேரமும் ஆள் இருக்கிறார்களா, இல்லை கூப்பிட்டால் வருவார்களா, வர எத்தனை நிமிடம்? உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது அம்மா, அதனால் சொல்கிறேன்: உங்களுக்கு நெஞ்சு வலிக்காமலே மாரடைப்பு வரலாம். திடீர் மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, இனம் தெரியாத அசதி. "வாயுவாக இருக்கும்" என்று இஞ்சிச் சாறு குடித்துக் காத்திருந்த அம்மாக்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இடுப்பு எலும்பு முறிந்தால் நிமிடக் கணக்கு இல்லை. ஆனால் ஒன்றிரண்டு நாளுக்குள் அறுவை செய்துவிடுவது நல்லது. அதற்கு மேட்டுப்பாளையம் ரோட்டில் கங்கா இருக்கிறது, எலும்புக்கும் விபத்துக்கும் பேர் போன இடம், உங்கள் பக்கத்திலிருந்து தூரமும் அதிகமில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். நான்கைந்து மருத்துவமனைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்யுங்கள். பகலில் வேண்டாம், பகலில் எல்லோரும் இருப்பார்கள். வரவேற்பில் கேட்காமல் எமர்ஜென்சிக்கு இணைக்கச் சொல்லுங்கள். "இப்போது ஒரு ஸ்ட்ரோக் கேஸ் கொண்டு வந்தால் சிடி எடுப்பவர் உள்ளே இருக்கிறாரா? நரம்பு டாக்டர் எத்தனை நிமிடத்தில் வருவார்?" என்று கேளுங்கள். எடுத்தவர் தயங்காமல் பதில் சொன்னால் அது வேலை நடக்கிற இடம்.

திருச்சி ரோடு அரசு மருத்துவமனையையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனும் கேத் லேபும் அங்கே உண்டு.

கடைசியாக ஒன்று. வாய் கோணினால் "பிபி ஏறிவிட்டது" என்று நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்காதீர்கள். தண்ணீர்கூட வேண்டாம், புரையேறும். சர்க்கரை அளவை மட்டும் பாருங்கள். சர்க்கரை இறங்கினாலும் ஸ்ட்ரோக் மாதிரியே இருக்கும்.

பேரூர் வாசி:

டீச்சர், நாங்களும் இதே மாதிரி குடியிருப்பில்தான் இருக்கிறோம், பேரூர் பக்கம். நர்ஸம்மா மருத்துவத்தைச் சொல்லிவிட்டார், நான் கேட்டிலிருந்து ரோடு வரைக்கும் உள்ளதைச் சொல்கிறேன். நான் போக்குவரத்துக் கழகத்தில் 31 வருடம் டிரைவர், அதனால் கண் அங்கேதான் போகும்.

எங்கள் குடியிருப்பில் சொந்த ஆம்புலன்ஸ் இருக்கிறது என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். வண்டி இருந்தது. ராத்திரி டிரைவர் கிடையாது, அவர் வீடு எட்டு கிலோமீட்டர் தள்ளி. உள்ளே ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது, திறந்து பார்த்தால் காலி. இதெல்லாம் யாருக்கும் கெட்டது நடக்காமல், நாங்கள் நான்கு பேர் போய்ச் சோதித்ததால் தெரிந்தது. இன்னொன்று, எங்கள் பிளாக் லிப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது. இரண்டாவது மாடியில் இருந்து சக்கர நாற்காலியில்தான் இறக்க முடியும். உங்கள் லிப்டை ஒரு டேப் வைத்து அளந்து பாருங்கள்.

நான் நினைத்த மருத்துவமனைகளுக்கு என் காரில் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன், செவ்வாய்க்கிழமை மாலை ஆறரைக்கு ஒரு தடவை, விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு தடவை. நான்கு மணிக்கு 22 நிமிடத்தில் போன இடத்துக்கு மாலையில் 51 நிமிடம். அவினாசி ரோட்டில் மேம்பாலம் வந்த பிறகு அந்தப் பக்கம் வேகமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தப் பாலத்தில் ஏறுவதற்கு முன் ஊருக்குள் படுகிற பாடுதான் நேரம். அதனால் எங்கள் தாளில் பகலுக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று என்று எழுதியிருக்கிறோம்.

108ஐக் கூப்பிட்டால் வீட்டு விலாசத்தை விட அடையாளம் முக்கியம். கேட்டுக்கு வெளியே ஒரு ஆளை டார்ச்சோடு நிறுத்துங்கள்.

புனே மகள் மாதிரி ஒருத்தி:

அம்மா, என் பெற்றோர் சரவணம்பட்டியில், நான் பெங்களூரில். பணம் பற்றி மட்டும் சொல்கிறேன். எழுதுகிற மருத்துவமனை உங்கள் இன்சூரன்ஸின் கேஷ்லெஸ் (நாம் கட்டாமல் இன்சூரன்ஸே நேராகக் கட்டுவது) பட்டியலில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள், பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். கேஷ்லெஸ் விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று 2024இல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ சொல்லியிருக்கிறது. அப்படியும் முன்பணம் கேட்பார்கள். அப்பாவின் கணக்கில் பணம் இருந்தது, ஓடிபி அவர் போனுக்கு வந்தது, போன் வீட்டில் கிடந்தது. அதன் பிறகு அம்மா பெயரையும் கணக்கில் சேர்த்து, அம்மாவுக்குத் தனிக் கார்டு வாங்கிவிட்டோம்.

பணம் கட்டவில்லை என்று அவசர சிகிச்சையை மறுக்க முடியாது. எந்த டாக்டரானாலும் உயிரைக் காப்பதுதான் முதல் கடமை என்று 1989லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதை யாராவது கவுன்ட்டரில் மறந்தால் தைரியமாகச் சொல்லுங்கள்.

தொண்டாமுத்தூர் டீச்சர்:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நர்ஸம்மா சொன்னபடி ஞாயிறு ராத்திரி ஐந்து இடத்துக்குப் போன் செய்தேன். ஒரு இடத்தில் எடுக்கவே இல்லை. இரண்டு இடத்தில், "பேஷண்ட்டைக் கூட்டிட்டு வாங்க, பார்த்துக்கலாம்" என்றார்கள், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மற்ற இரண்டில் ட்யூட்டி டாக்டரே பேசினார். ஒருவர் வீட்டுக்காரரின் மாத்திரைப் பெயரைக் கேட்டுக்கொண்டு, "அந்த அட்டையை மறக்காமல் கையில் கொண்டு வாங்கம்மா" என்றார். அந்த இரண்டையும்தான் எழுதினேன், ஒன்று ஸ்ட்ரோக்குக்கு, ஒன்று நெஞ்சுக்கு. விழுந்தால் கங்கா. கோட்டில் இடம் போதவில்லை, தாளின் பின்பக்கமும் எழுதிக் கொடுத்தேன். அலுவலகப் பெண் படித்துப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் படிவத்தையே மாற்றி அச்சடிக்கலாமா என்று மேலாளரிடம் கேட்கிறேன் என்றாள்.

பேரூர் சார், லிப்டை அளந்தோம். ஸ்ட்ரெச்சர் நுழையும், குறுக்காக வைத்தால். எங்கள் ஆம்புலன்ஸுக்கு ராத்திரி டிரைவர் இருக்கிறார். சிலிண்டரை நாளைக்கு எதிர்வீட்டு அம்மாவும் நானும் போய்ப் பார்க்கப் போகிறோம்.