கத்தி வேண்டாத வெண்ணெய்

குழு: நம் வீடு

சனிக்கிழமை

காலை 7:48
நான்: [படம்]

நான்: நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா தானே பிரெட்டில் வெண்ணெய் தடவ உட்கார்ந்துவிட்டார். தட்டில் கிடப்பது அதுதான். இடது கையில் கத்தி. வலது கை பிரெட்டைப் பிடிக்க வரவில்லை. கத்தி போன பக்கமெல்லாம் பிரெட்டும் கூடவே போயிருக்கிறது. நடுவில் கிழிந்துவிட்டது, வெண்ணெய் மட்டும் கட்டியாக அப்படியே நிற்கிறது.

நான்: நான் தடவித் தருகிறேன் என்றேன். வேண்டாம், வெறும் பிரெட்டே போதும் என்று சாப்பிட்டுவிட்டார். எனக்கு மனசே கேட்கவில்லை.

அண்ணா: பக்கவாதம் வந்து ஐந்து மாதம்தானே ஆகிறது. பயிற்சி நடக்கிறது. கை மெல்ல மெல்லத் திரும்பும்.

நான்: திரும்பும் அண்ணா. அதுவரை தினமும் காலையில் யாராவது வந்து தடவித் தரக் காத்திருக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் அம்மாவை வாட்டுகிறது.

சித்தி: ஒரு ஆள் அளவுக்குச் சின்ன பாக்கெட்டில் ஜாம், வெண்ணெய் எல்லாம் வருகிறதே. அக்காவுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தாயா?

நான்: போன வாரமே பார்த்தேன் சித்தி. மூலையில் கிழிக்கிற பாக்கெட்டை ஒரு கையால் கிழிக்கவே முடியாது. பல்லால் கடித்து இழுத்தார், பாதி ஜாம் மடியில் கொட்டிவிட்டது. சின்னக் கிண்ணம் மாதிரி வருவதில் மேலே ஒரு படலம் ஒட்டியிருக்கிறது. அதை உரிக்கப் பிடிக்கும் நுனி நகத்தளவுகூட இல்லை. பாடுபட்டுத் திறந்தாலும், உள்ளே இருப்பதை எடுக்க மறுபடியும் கத்திதான்.

அம்மா: பல் வலிக்கிறது

அம்மா: அதை வாங்காதே

காலை 8:21
தம்பி: இப்போதுதான் பார்த்தேன் அக்கா. நான் வேலை செய்வதே ட்யூப் செய்கிற இடத்தில். இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி: கத்தி இரண்டு வேலை செய்கிறது. டப்பாவிலிருந்து எடுக்கிறது, பிறகு பிரெட்டில் பரப்புகிறது. பெரும்பாலான பாக்கெட்டுகள் முதல் வேலையோடு நின்றுவிடும். அம்மாவுக்கு இரண்டையும் பாக்கெட்டே செய்ய வேண்டும். அதற்கும் முன்னால், அது ஒரு கையால் திறக்க வர வேண்டும். உள்ளே இருப்பது கெடக்கூடாது, வழியில் கசியக்கூடாது என்பதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். திறக்கப் போகிறவரின் விரலைக் கடைசியில்தான் நினைக்கிறோம். பாக்கெட் திறக்க எளிதாக இருக்க வேண்டும் என்பதற்கென்றே 2015இல் ஐஎஸ்ஓ என்ற உலகத் தரநிலை அமைப்பிடமிருந்து ஐஎஸ்ஓ 17480 என்று ஒரு தரநிலை வந்தது. நாங்கள் செய்கிற ஒவ்வொரு மூடியையும் அதை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

அண்ணா: சரி, அம்மாவுக்கு என்ன வாங்கலாம், அதைச் சொல்.

தம்பி: ட்யூப்தான் அண்ணா. ஆனால் அதன் வாயைப் பார்த்து வாங்க வேண்டும். வாய் வட்டமாக இருந்தால் பிதுக்கியது கயிறு மாதிரி உருண்டு விழும், அப்புறம் அதைப் பரப்பக் கத்தி தேட வேண்டும். வாய் தட்டையாக, அகலமான பிளவு போல இருந்தால் நாடா மாதிரி படியும். பக்கத்துப் பக்கத்தில் மூன்று நான்கு முறை இழுத்தால் பிரெட் முழுவதும் மூடிவிடும். சில ட்யூபுகளில் வாயின் ஒரு ஓரம் உதடு மாதிரி நீண்டிருக்கும். சாய்த்து இழுத்தால் அந்த உதடே தேய்த்துச் சமன் செய்யும்.

நான்: பிரெட் நகராதா? அதுதானே காலையில் நடந்தது.

தம்பி: கத்தி வெண்ணெயைத் தள்ளுகிறது, வெண்ணெய் பிரெட்டைத் தள்ளுகிறது. அதனால்தான் பிரெட் ஓடுகிறது. ட்யூபிலிருந்து வருவது மேலிருந்து வந்து உட்காரும், பக்கவாட்டில் தள்ளுவது மிகக் குறைவு. அடியில் நழுவாத ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டால் இன்னும் நல்லது.

யாழினி: சித்தப்பா, விண்வெளி வீரர்கள் ட்யூபில்தான் சாப்பிட்டார்கள் என்று படித்தேன். அதே ட்யூப்தானா?

தம்பி: அதே வழிதான் யாழினி. 1961இல் சோவியத் வீரர் ககாரின் ட்யூபிலிருந்துதான் சாப்பிட்டார். 1962 பிப்ரவரியில் அமெரிக்க வீரர் ஜான் கிளென் அலுமினிய ட்யூபிலிருந்து ஆப்பிள் கூழைப் பிதுக்கிச் சாப்பிட்டார். எடையில்லாத நிலையில் உணவு தொண்டையில் சரியாக இறங்குமா என்றே அப்போது சந்தேகம் இருந்தது. இறங்கியது.

தம்பி: ட்யூப் முதலில் உணவுக்காக வந்ததே இல்லை, ஓவியர்களுக்காக வந்தது. 1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர், வெள்ளீயத்தில் பிதுக்கும் ட்யூப் செய்து காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்து, குத்தித்தான் எடுப்பார்கள். திறந்துவிட்டால் காய்ந்து போகும். உலோக ட்யூபைப் பிதுக்கினால் பிதுங்கிய நிலையிலேயே நிற்கும், காற்றை உள்ளே திரும்ப இழுக்காது. வண்ணம் காயாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். எண்ணெய்ப் பசையுள்ள உணவு சிக்கு வாடை அடிக்காமல் இருப்பதற்கும் அது உதவும்.

யாழினி: பாட்டி, நீங்களும் விண்வெளி வீரர் மாதிரிதான் சாப்பிடப் போகிறீர்கள் 😊

அம்மா: சரி கண்ணு

காலை 9:05
சித்தி: நானும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் சின்னவனுக்குச் சீலியாக் நோய், அதாவது கோதுமையில் உள்ள குளுட்டன் என்ற புரதம் அவன் குடலுக்கு ஆகாது என்று தெரிந்த பிறகு, எங்கள் வீட்டில் கத்தி போகும் டப்பாவே பெரிய பயமாகிவிட்டது. எங்கள் கோதுமை பிரெட்டில் தடவிய கத்தி மறுபடி ஜாம் பாட்டிலுக்குள் போனால் துகளும் கூடப் போகும். அவனுக்கென்று தனி பிரெட் வாங்கி என்ன பயன்? கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளுட்டன் இருந்தாலே அதைக் குளுட்டன் இல்லாத உணவு என்று சொல்லக்கூடாது. எவ்வளவு சின்ன அளவு பாருங்கள்.

சித்தி: இப்போது ஜாம், கடுகுச் சாஸ், கெட்சப் எல்லாம் பிதுக்குகிற பாட்டிலில்தான். வாய் பிரெட்டில் படாமல் கொஞ்சம் உயரத்தில் பிடித்துப் பிதுக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒன்பது வயதுப் பையன், தானே செய்துகொள்கிறான்.

நான்: இதை நான் யோசிக்கவே இல்லை சித்தி. அப்படியென்றால் உதட்டால் தேய்க்கும் ட்யூப் அவனுக்கு ஆகாதே.

சித்தி: அவனுக்கு மட்டும் என்று தனியாக வைத்தால் ஆகும். எல்லோரும் எடுக்கிற ட்யூப் என்றால் ஆகாது.

தம்பி: சித்தி சொல்வது மிகச் சரி. தேய்க்கிற வாய் என்றால் ஒருவருக்கு ஒரு ட்யூப். அம்மாவுடையதிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். பயன்படுத்தியதும் வாயைச் சுத்தமான ஈரத்துணியால் துடைத்து, மூடி, ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். துகள் ஒட்டிக்கொண்டு நின்றால் அங்கேதான் பூஞ்சை ஆரம்பிக்கும். ட்யூபை நேராக நம் வாயில் வைத்து உறிஞ்சவே கூடாது. எச்சில் உள்ளே போனால் கிருமி வளரும், மாவுச்சத்துள்ள கூழாக இருந்தால் எச்சிலில் உள்ள நொதி அதை நீர்க்கவும் வைத்துவிடும்.

அண்ணா: கெட்சப் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தினாலும் ஒழுகுவதில்லையே, அது எப்படி? அந்த மாதிரி அம்மாவுக்கு இருந்தால் நல்லது.

தம்பி: நல்ல கேள்வி அண்ணா. வாய்க்குள்ளே சிலிக்கோனில் ஒரு சின்ன வால்வு இருக்கிறது. நடுவில் சிலுவை மாதிரி கீறல். அழுத்தினால் இதழ் போல விரியும், விட்டால் தானே மூடிக்கொள்ளும். மிச்சிகனில் பால் பிரவுன் என்பவர் 1990களின் தொடக்கத்தில் ஷாம்பு பாட்டிலுக்காகச் செய்தது. 2002இல் ஹைன்ஸ் நிறுவனம் தலைகீழ் கெட்சப் பாட்டிலைக் கொண்டுவந்தபோது இந்த வால்வுதான் அதைத் தாங்கியது. மூடியே அடிப்பாகம் என்பதால் உள்ளே இருப்பது எப்போதும் வாயருகிலேயே நிற்கும். பாட்டிலைத் தட்ட வேண்டாம், குலுக்க வேண்டாம். ஒரு கைக்காரருக்கு இது பெரிய உதவி.

நான்: வெண்ணெய் ஃப்ரிட்ஜில் கல்லாகிவிடுமே. அதை எப்படி ட்யூபில் பிதுக்குவது?

தம்பி: முடியாது அக்கா. சுத்த வெண்ணெய் கிட்டத்தட்ட 18, 20 டிகிரி வந்தால்தான் மசியும். எண்ணெய் கலந்த மென்வெண்ணெய் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனேயே பிதுங்கும், அம்மாவுக்கு அதுதான் சரி. கட்டி வெண்ணெய்தான் வேண்டும் என்றால் பசைக் குச்சி மாதிரி அடியைத் திருகி மேலே ஏற்றித் தேய்க்கிற உறைகள் இருக்கின்றன. பசைக் குச்சியே 1969இல் உதட்டுச் சாயத்தைப் பார்த்து வந்ததுதான். ஆனால் திருக இரண்டு கை வேண்டும். அம்மாவுக்கு வேண்டாம்.

அண்ணா: எனக்கு ஒரு உறுத்தல். இத்தனை பிளாஸ்டிக்கா?

தம்பி: எனக்கும் உண்டு. சின்ன பாக்கெட்டுகளில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும். பிரிக்க முடியாது, மறுசுழற்சிக்கும் போகாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சட்டப்படி 2030 முதல் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடுபவருக்கு ஒரு ஆள் அளவு பிளாஸ்டிக் ஜாம், சாஸ் பாக்கெட் கொடுக்க முடியாது. ஆனால் மருத்துவமனை, முதியோர் பராமரிப்பு இல்லம் போன்ற இடங்களில் சுகாதாரத்துக்கு அவசியம் என்றால் விலக்கு உண்டு. அந்த விலக்கை வைத்தவர்கள் அம்மா மாதிரி ஒருவரை நினைத்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. நம் வீட்டில் பெரிய ட்யூபாக ஒன்று வாங்கினால் அந்தக் குப்பையும் குறையும்.

தம்பி: நாளை நானே கொண்டு வருகிறேன். பழக்கிப் பார்க்க ஒரு மடிப்பு பாக்கெட்டும் எடுத்து வருகிறேன். ஜப்பானில் சகஜமானது அது.

ஞாயிற்றுக்கிழமை

காலை 8:36
நான்: தம்பி வந்துவிட்டான். எல்லோருக்கும் எழுதுகிறேன்.

நான்: முதலில் மடிப்பு பாக்கெட். தீப்பெட்டி அளவுதான். ஒரு பக்கம் தடித்த பிளாஸ்டிக், நடுவில் மேடாக ஒரு கோடு. உள்ளே இரண்டு அறை, ஒன்றில் ஜாம், மற்றதில் மார்ஜரின் என்ற எண்ணெயில் செய்த வெண்ணெய். அம்மா இடது கைக் கட்டை விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் வைத்து மடித்தார். டக்கென்று ஒரு சத்தம். கோடு உடைந்து இரண்டும் பக்கம் பக்கமாக வந்தன. அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, மறுபடி பிரெட்டைப் பார்த்துக்கொண்டே மெல்ல இழுத்தார்.

யாழினி: 😍 படம் எங்கே அத்தை?

நான்: எடுக்கவில்லை கண்ணு. அந்த நேரத்தில் படம் எடுக்கத் தோன்றவில்லை.

நான்: அப்புறம் ட்யூப். தம்பி கொண்டுவந்த முதல் ட்யூபுக்குத் திருகு மூடி. அம்மா ட்யூபை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு திருகப் பார்த்தார். திருகும்போது ட்யூபும் அமுங்கி, மூடி திறந்த உடனேயே வெண்ணெய் வெளியே வந்துவிட்டது.

தம்பி: அது என் தவறு. வாயையே பார்த்தேன், மூடியைப் பார்க்கவில்லை. நான் நேற்று சொன்னதை நானே மறந்துவிட்டேன். அடுத்ததில் கட்டை விரலால் மேலே தள்ளித் திறக்கும் மூடி. மேசையில் நிற்க வைத்தபடியே அம்மா திறந்துவிட்டார்.

நான்: நான்கு முறை இழுத்தார். முதல் நாடா கோணல். இரண்டாவதும் கொஞ்சம் கோணல். மூன்றாவது நேராக வந்தது. ஓரம் கொஞ்சம் விட்டுப் போயிற்று. அந்த ஓரத்தை அம்மாவே உதட்டைச் சாய்த்துத் தேய்த்து மூடினார். கத்தி தட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது, தொடவில்லை.

அண்ணா: என்ன சொன்னார்?

நான்: எனக்கும் ஒரு துண்டு தடவிக் கொடுத்தார் அண்ணா.

சித்தி: அக்கா, எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லா இரு.

தம்பி: ஒன்றை எழுத மறந்துவிட்டேன். புது ட்யூபில் மூடிக்கு அடியில் வாயை மூடி ஒரு வெள்ளிச் சீல் ஒட்டியிருக்கும், இன்று கொண்டுவந்தவற்றில் நானே முன்பே உரித்துவிட்டேன். அதை உரிக்க இரண்டு கை கட்டாயம் வேண்டும். இதை மாற்ற முடியுமா என்று வேலையிடத்தில் கேட்கப் போகிறேன். நுனியை நீளமாக விட்டால்கூடப் போதும், பல்லால் பிடிக்காமல் ஒரு விரலைக் கோத்து இழுக்கலாம்.

அண்ணா: கட்டாயம் கேள். அம்மாவை வைத்துப் பார்த்ததையும் சொல்.

காலை 9:12
அம்மா: வாங்கி வந்ததும் சீலை மட்டும் நீ உரித்து வை

அம்மா: மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்

நான்: சரி அம்மா.