மறுமொழி: ஒஹாயோ துண்டறிக்கை – ‘ஃபாரின் நேஷனல்’ தமிழில் என்ன?

கொலம்பஸிலிருந்து எஸ்.கே.:
தேர்தல் நன்கொடை பற்றிய எங்கள் தமிழ்த் துண்டறிக்கை வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது, ‘ஃபாரின் நேஷனல்’ (foreign national) என்பதற்கு ஒரு சொல் வேண்டும், கைகொடுங்கள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தின் 2024 சட்டப்படி ‘ஃபாரின் நேஷனல்’ எவரும் பொது வாக்கெடுப்புப் பரப்புரைக்குக்கூடப் பணம் தரக்கூடாது. ‘வெளிநாட்டவர்’ என்று போட்டால், பல ஆண்டுகளாக இங்கே வரி கட்டும் கிரீன் கார்டுக்காரர் “அது நானில்லை” என்று காசோலையில் கையெழுத்திட்டுவிடுவார். கூட்டாட்சிச் சட்டம் அவருக்குத் தடையிலிருந்து விலக்குத் தருகிறது; ஒஹாயோ சட்டம் அவரையும் வளைத்துப் பிடிக்கிறது.

புலவர் ம.இ., தஞ்சை:
தம்பி, ‘வம்பலர்’ இருக்கிறதே! புதியவர், வழிச்செல்வோர் என்ற பொருளில் சங்கப் பாடல்களில் நிறைய வருகிறது. வேர்ச்சொல் வம்பு. “வம்பு நிலையின்மை” என்பது தொல்காப்பிய உரியியல். ‘வம்பலர் நன்கொடைத் தடை’ என்றால் எத்தனை இறுக்கம்!

எஸ்.கே.:
ஐயா, கிரீன் கார்டுக்காரருக்குச் சட்டம் வைத்த பெயரே நிரந்தர வசிப்பாளர். அவருக்கு நிலையின்மையா? தவிர, வம்பலர் என்றால் இங்கே வம்புச் சண்டைக்காரர் என்றே படிப்பார்கள்.

சென்னையிலிருந்து வி.:
‘குடியுரிமையற்றோர்’ போதுமே. நாளேடுகள் எழுதுகின்றன.

ஹட்டனிலிருந்து தே.:
வேண்டாம். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான எங்கள் பாட்டன்மாரை எந்த நாட்டுக்கும் உரியவராக இல்லாமல் ஆக்கியது. இங்கே அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். கிரீன் கார்டுக்காரரிடம் வேறொரு நாட்டின் கடவுச்சீட்டாவது இருக்கிறது.

வி.:
ஏற்கிறேன். ‘குடிமகன் அல்லாதவர்’?

தே.:
மகள்கள் பணம் தரலாமா?

எஸ்.கே.:
‘அமெரிக்கக் குடிமக்கள் அல்லாதோர், கிரீன் கார்டு உள்ளவர்களும் இதில் அடக்கம்’ என்று போடுகிறேன். நீளம்தான். ஆனால் இந்தச் சட்டத்தை 2024 ஆகஸ்டில் ஒரு நீதிமன்றம் கிரீன் கார்டுக்காரருக்கு மட்டும் பொருந்தாதபடி நிறுத்திவைத்து, அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நிறுத்திவைப்புக்கே தடை போட்டபோது, எங்கள் ஊரில் குழம்பாதவர் இல்லை. சுருக்கத்தைவிடத் தெளிவு முக்கியம். மூவர் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

தே.:
சரி. தூக்கம் வருகிறது.

புலவர் ம.இ.:
‘அல்லாதோர்’ என்பது கலைச்சொல்லே அன்று, கைவிரிப்பு. ஒருவர் யார் என்று கேட்டால், யாரில்லை என்று சொல்வதா? என் மறுப்பைப் பதிவு செய்க. அயலார் என்று பொருள்படும் ‘நொதுமலர்’ பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. நாளை விரிவாக எழுதுகிறேன்.