கூடாரப் பண்டிகையை எங்கட பிள்ளையளுக்கு எப்பிடிச் சொல்லுறது?

பரந்தன்_ரீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு சின்னச் சபையில ஞாயிறு பாடசாலை எடுக்கிறனான். யூதர் இண்டைக்கும் கொண்டாடுற பண்டிகையளை எடுத்து, எங்கட அன்றாட வாழ்க்கைக்கு அதில என்ன கிடக்கெண்டு பிள்ளையளோட கதைப்பம் எண்டு துவங்கினன். எகிப்தில அடிமைத்தனத்தில இருந்து வெளிக்கிட்டதை நினைக்கிற பஸ்கா சுகமாப் போச்சு, ஏனெண்டா அண்டைக்கு இரவுச் சாப்பாட்டில பிள்ளையள்தான் கேள்வி கேக்கோணும், இந்த இரவு மட்டும் ஏன் வித்தியாசம் எண்டு, எங்கட வீடுகளில பெரியாக்கள் கதைக்கேக்க வாயைப் பொத்து எண்டுதானே வளர்த்தவை, பிள்ளையளுக்கு அது நல்லாப் பிடிச்சுக் கொண்டுது.

கூடாரப் பண்டிகையிலதான் சிக்கல். எகிப்தில இருந்து வெளிக்கிட்டு வரேக்க கூடாரத்தில இருந்ததை உங்கட சந்ததி அறியோணும், அதுக்காக ஏழு நாள் கூடாரத்தில குடியிருங்கோ எண்டு வேதாகமத்தில லேவியராகமம் 23ல இருக்கு. சபை வளவில ஒரு கொட்டில் போடுவம் எண்டு சொன்னன். ஒரு பிள்ளையின்ர அம்மா வந்து, "ரீச்சர், யுத்தம் முடிய எங்களை அடைச்சு வைச்ச செட்டிகுளம் முகாமில தறப்பாளுக்குள்ள வெந்து கிடந்தனாங்கள், மழைக்கு வெள்ளம் உள்ளுக்க வந்து பிள்ளையைத் தூக்கி வைச்சுக்கொண்டு விடிய விடிய நிண்டனாங்கள், அதைத் திரும்பக் கட்டிப்போட்டு சந்தோசப்படச் சொல்லுறியளோ" எண்டு கேட்டா. கோவமாக் கேக்கேல்ல, அதுதான் கரைச்சல். என்ன சொல்லலாம்?

ரொறொன்ரோ_குளிர்:
ரீச்சர், நான் இஞ்ச பாதர்ஸ்ற் றோட்டுப் பக்கம் ஒரு யூத முதலாளியிட்ட வேலை செய்தனான். அந்தக் கிழமை பாத்தா வீட்டு முற்றம், பல்கனி எல்லாம் கொட்டில்தான், பலகையோ கன்வஸ் துணியோ சுவருக்கு, மேல மட்டும் கட்டாயம் மண்ணில முளைச்சு வெட்டின சாமான், மூங்கில், தடி, ஓலை இப்பிடி. தறப்பாள் கூரை செல்லாது! நிழல் வெயிலை விடக் கூட இருக்கோணும், ஆனா இடைவெளியால வானத்து வெள்ளி, நட்சத்திரம், தெரிஞ்சா நல்லம் எண்டு சொல்லுவினம். ஒருக்கா சாப்பிடக் கூப்பிட்டவர், ஜக்கற்றோட இருந்து சூப் குடிச்சனாங்கள், பாதியில மழை. நான் வாயைத் திறக்க முதலே மனுசன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ள போட்டுது. சாப்பாடு பழுதாப் போற அளவுக்கு மழை பெஞ்சா வெளியேறலாம் எண்டு அவையின்ர பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலயே இருக்காம். அதோட, கொட்டிலில இருக்கிறது ஆருக்கு உபத்திரவமோ அவருக்கு அந்தக் கடமையே இல்லை எண்டும் அவையின்ர சட்டம் சொல்லுது.

இதை அந்த அம்மாவிட்ட சொல்லிப் பாருங்கோ. அவையின்ர கொட்டிலில இருந்து எழும்பிப் போக ஒரு வீடு பக்கத்தில இருக்கு. செட்டிகுளத்தில ஆருக்கு எழும்பிப் போக ஏலும், சுத்திவர முள்ளுக்கம்பி. ரெண்டும் ஒண்டில்லை, அவ கேட்டது சரி. அவவைக் கட்டாயப்படுத்தினா அந்தப் பண்டிகையின்ர சட்டத்துக்கே விரோதம் எண்டதுதான் என்ர எண்ணம்.

முள்ளியவளை_கமம்:
நான் சைவம், ஆனா உங்கட வேதத்தைப் புரட்டிப் பாத்திருக்கிறன், கமக்காரனுக்கு அதில நிறையக் கிடக்கு தங்கச்சி. நீங்கள் சொன்ன அதே 23ம் அதிகாரத்தில பண்டிகையளை வரிசையாச் சொல்லிக்கொண்டு வரேக்க நடுவில திடீரெண்டு ஒரு வசனம், வயலை அறுக்கேக்க ஓரத்தை முழுக்க அறுக்காத, சிந்தினதைப் பொறுக்காத, ஏழைக்கும் பரதேசிக்கும், அதாவது வேற இடத்தில இருந்து வந்தவனுக்கும், விடு எண்டு. பண்டிகைக் கணக்குக்கு நடுவில அதுக்கு என்ன வேலை? எனக்கு விளங்கினது, கோயிலுக்குப் போறதும் வரம்போரத்தில கதிரை விடுறதும் அவைக்கு ஒரே கணக்குத்தான். குறைஞ்சது அறுபதில ஒரு பங்கு விடோணும் எண்டு பிறகு ரபிமார், அவையின்ர வேத போதகர்மார், வரையறுத்தவை.

இப்ப எங்கட பக்கம் வெட்டு மெசின் திரும்பேக்க மூலை தப்பும், அதைக்கூட விடாமல் ஆள் விட்டு அரிவாளால வெட்டுவிக்கிறம், நானும்தான். முந்தி காலபோக வெட்டு முடிய கதிர் பொறுக்க வாற பொம்பிளையளை ஒருத்தரும் கலைக்கிறேல்ல. ரூத் கதையில வயல்காரன் போவாஸ் ஒருபடி மேல, கதிர் பொறுக்க வந்த ரூத்துக்காக வேணுமெண்டே கதிரைக் கீழ விழவிடச் சொல்லி வேலையாக்களுக்குச் சொல்லுறார், அந்தப் பெட்டைக்குப் பிச்சை வாங்கின மாதிரி இருக்கக் கூடாதெண்டு.

இன்னொண்டு, உபாகமம் 20ல பட்டினத்தை வளைச்சு யுத்தம் செய்தாலும் கனி தாற மரத்தை வெட்டாத எண்டு இருக்கு. எங்கட யுத்தத்தில பங்கருக்கெண்டு தறிச்ச பனையளை நினைச்சா வேற ஒண்டும் எழுத வராது.

மடு_றோட்:
ரீச்சர், கூடாரப் பண்டிகைக்கு ஐஞ்சு நாள் முந்தித்தான் யோம் கிப்பூர், பாவநிவாரண நாள், அதையும் விடாதேங்கோ. அண்டைக்கு நாள் முழுக்க உபவாசம், தண்ணியும் இல்லை. ஆனா கடவுளுக்குச் செய்த பிழைதான் அதால தீரும், அயலானுக்குச் செய்த பிழை அவனிட்டப் போய் மன்னிப்புக் கேட்டாத்தான் தீரும் எண்டுறது அவையின்ர போதனை. நாங்கள் மடு மாதா கோயில் திருவிழாவுக்கு நடந்து போவம், குருவானவரிட்டப் பாவசங்கீர்த்தனம் செய்வம், வேலிக்கு அங்கால வீட்டுக்காரனோட மட்டும் எல்லைக்கல் வழக்கு முடியிற வரைக்கும் கதையில்லை.

பரந்தன்_ரீச்சர்:
எல்லாருக்கும் நன்றி. அம்மாவோட இண்டைக்குக் கதைச்சனான், எழும்பிப் போகலாம் எண்ட கதையைச் சொல்ல கொஞ்ச நேரம் பேசாம இருந்திட்டு, "அப்ப பிள்ளை வரட்டும், நான் வரேல்ல" எண்டா. காணும். உபாகமம் 16ல இந்தப் பண்டிகையில சேர்ந்து சந்தோசப்பட வேண்டியாக்களின்ர பட்டியல் ஒண்டு கிடக்கு, வேலைக்காரர், பரதேசி, தகப்பனில்லாத பிள்ளை, விதவை எல்லாரும் அதில. எங்கட வகுப்பில அரைவாசிப் பிள்ளையளின்ர வீடு அதுக்குள்ள வரும், அதனால கொட்டிலுக்குள்ள சமைச்சு எல்லாருமாச் சாப்பிடுவம் எண்டு யோசிக்கிறன். வெள்ளி தெரியிற மாதிரிக் கிடுகை எப்பிடி வேயிறது, இடைவெளி விட்டோ?

முள்ளியவளை_கமம்:
கிடுகு வேண்டாம், பச்சைத் தென்னோலையைப் பின்னாமல் அப்பிடியே தூக்கிப் போடுங்கோ. ஐப்பசி மழை பிடிக்க முதல் செய்யுங்கோ, பிந்தினா சூப்போட ஓடவேண்டி வரும். ஒழுகிற கூரைதான் வேணுமெண்டா எங்கட வீட்டை வேய்ஞ்சவனை அனுப்பிவிடுறன், அவனுக்குக் கைவந்த கலை.